உதகைக் கல் பங்களா: ஒரு வீட்டின் மரபுமதிப்பு

முன்னுரை

உதகமண்டலத்தில் அரசு கலைக் கல்லூரி அமைந்துள்ள குன்றின் மேல், 1822இல் கட்டத் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டில் குடிபுகப்பட்ட கல் வீடு ஒன்று நிற்கிறது. கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் தம் குடும்பத்துக்கென எழுப்பிய அவ்வீடு அரசு ஆவணங்களில் ஸ்டோன்ஹவுஸ் என்றும், மலைவாழ் மக்களின் வழக்கில் கல் பங்களா என்றும் பெயர் பெற்றது. வீட்டின் பெயரே பின்னர் குன்றுக்கும் ஆகிவந்தது. உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு என்ற முறையில் நகர வரலாறு எழுதுவோர் எல்லாரும் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட இவ்வீடு குறித்த பொதுப்பேச்சு இரண்டு போக்குகளில் செல்கிறது. சல்லிவனை நவீன நீலகிரியின் தந்தையாகக் கொண்டாடி, அவர் வாழ்ந்த வீடு என்பதாலேயே இதைப் போற்றுவது ஒரு போக்கு. உதகையின் இருநூறாம் ஆண்டையொட்டி 2022 மே மாதத்தில் தமிழக முதலமைச்சர் அவருடைய சிலையை நகரில் திறந்துவைத்தது இப்போக்குக்கு அரசின் ஏற்பையும் தந்தது. மலைவாழ் மக்களின் நிலம் கைமாறிய வரலாறு இவ்வீட்டிலிருந்தே தொடங்குவதால் இதில் போற்றத்தக்கது ஏதுமில்லை என்பது மற்றொரு போக்கு. இரண்டுமே வீட்டைக் கட்டியவரை எடைபோடுகின்றனவேயன்றி வீட்டை எடைபோடுவதில்லை. கட்டடத்தை ஒரு சான்றாகக் கொண்டு, அது எவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்ல வல்லது என்று ஆராய்வதும், அந்தச் சாட்சியம் அழியாமல் காக்க எது தேவை என்று கூறுவதுமே இச்சொற்பொழிவின் நோக்கம்.

1. மரபுமதிப்பு என்னும் கருத்து

ஒரு கட்டடத்தின் விலையும் அதன் மரபுமதிப்பும் வெவ்வேறானவை. விலை, இடத்தின் பரப்பையும் சந்தை நிலவரத்தையும் பொறுத்தது. மரபுமதிப்போ, அக்கட்டடம் இல்லாமற்போனால் வருங்காலத் தலைமுறை எதை அறிய முடியாமற்போகும் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது. 1903இல் ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலாய்ஸ் ரீகல், நினைவுச்சின்னங்களின் பழமையால் வரும் மதிப்பையும் வரலாற்றுச் சான்றாக இருப்பதால் வரும் மதிப்பையும் தனித்தனியே பிரித்துக்காட்டினார். ஒரு கட்டடம் சிதைந்து முதுமை தோன்ற நிற்பதே முதல் மதிப்பை வளர்க்கிறது. இரண்டாவது மதிப்போ, சிதைவு தடுக்கப்பட்டு மூலவடிவம் தெளிவாக நிற்பதைக் கோருகிறது. பழுதுபார்ப்பது பற்றிய இன்றைய வாதங்கள் பலவற்றுக்கும் இந்த முரண்பாடே வேர்.

மரபுமதிப்பை முறையாகக் கணிக்க இன்று உலகெங்கும் பயன்படும் வழிகாட்டிகளுள் முதன்மையானது பர்ரா சாசனம். தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பர்ரா என்ற ஊரில் 1979இல் ஏற்கப்பட்டதால் அது இப்பெயர் பெற்றது. 1845இல் தொடங்கி 1877இல் மூடப்பட்ட செப்புச் சுரங்கத்தால் உருவான ஊர் அது; சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வரிசையாகக் கட்டப்பட்ட எளிய கல் வீடுகள் அங்கு இன்றும் நிற்கின்றன. அரண்மனையோ பேராலயமோ இல்லாத ஒரு சுரங்க ஊரின் பெயரை இச்சாசனம் தாங்கியிருப்பது பொருத்தமானது. ஏனெனில் கட்டடத்தின் பகட்டை அளவுகோலாகக் கொள்ளாமல், அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் ஆகிய ஐந்து வகை மதிப்புகளை அது முன்வைக்கிறது. இங்கு அறிவியல் மதிப்பு என்பது, ஆராய்ந்தால் புதிய செய்தி தரக்கூடிய ஆற்றல் ஒரு கட்டடத்தின் கல்லிலும் காரையிலும் மண்ணிலும் எந்த அளவுக்கு உறைந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். சமூக மதிப்பு என்பது, இன்று வாழும் மக்கள் கூட்டம் ஒன்று அக்கட்டடத்தோடு கொண்டுள்ள உறவைக் குறிக்கும்.

கல் பங்களாவை அழகியல் நோக்கில் மட்டும் அளந்தால் அதற்கு உயர்ந்த இடம் கிடைக்காது. 1829இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயமும், பின்னாளில் மைசூர் மகாராஜாவின் கோடை மாளிகையான ஃபெர்ன்ஹில்லும் கண்ணைக் கவர்வதில் அதனை விஞ்சுபவை. அதன் வலிமை மற்ற நான்கு மதிப்புகளில், அவற்றிலும் குறிப்பாக வரலாறு, அறிவியல் என்னும் இரண்டில் அடங்கியுள்ளது.

2. கல் பங்களாவுக்கு முந்தைய கல்

நீலகிரியில் கல்லைக் கொண்டு கட்டும் வழக்கம் சல்லிவனோடு தொடங்கியது என்று கருதுவது பிழை. மலை முகடுகளில் கற்களை வட்டமாக அடுக்கி எழுப்பிய ஈமச்சின்னங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் கிடைத்த மட்பாண்டங்களும் உலோகப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றுள்ளன. நீலகிரியின் முதல் கமிஷனராகப் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இச்சின்னங்களையும் மலையின் தொல்குடிகளையும் பற்றித் தொகுத்த நூல் 1873இல் வெளிவந்தது. பலகைக் கற்களை நிறுத்திக் கூரைக்கல் ஏற்றிய கற்றிட்டைகளும், உருவம் செதுக்கிய வீரக்கற்களும் மலையின் பல இடங்களில் காணப்படுகின்றன.

மலை வெளியுலகுக்கு அறியப்படாததாக இருந்ததும் இல்லை. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் மலைவாழ் குடியினரான தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றிய செய்தியை 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தருகிறது. 1603இல் ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலையேறித் தோடரைச் சந்தித்துக் குறிப்பு எழுதியுள்ளார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் பால், இரும்புக்கருவி, மட்பாண்டம், தானியம், காட்டுப்பொருள் ஆகியவற்றைத் தம்முள் மாற்றிக்கொண்டு வாழ்ந்த ஒரு பொருளியல் அமைப்பு மலையில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் கல் பங்களாவின் புதுமை எது என்பது விளங்கும். மலையில் அதற்கு முன் கல் இறந்தோர்க்கும் நடுகல் பெற்றோர்க்கும் உரியதாக இருந்தது. வாழ்வோரின் வீடுகள் பெரும்பாலும் மரம், மூங்கில், பிரம்பு, புல், மண் ஆகியவற்றால் ஆனவை. தோடரின் வீடு, வளைத்த மூங்கிலையும் பிரம்பையும் கட்டி மேலே புல் வேய்ந்து, நெடுக்காகப் பிளந்த பீப்பாயின் பாதியைக் கவிழ்த்தாற்போல் அமைவது. குனிந்து, தவழ்ந்து நுழையும் அளவே அதன் வாயில். குளிரைத் தடுப்பதில் அது மிகவும் திறமையானது; புல் பழுதானால் புதிதாக வேயலாம்; மேய்ச்சலுக்கேற்பக் குடும்பம் வேறு மந்துக்கு இடம்பெயரலாம். மந்து என்பது தோடரின் சிறு குடியிருப்பு. வாழ்வோருக்கான நிரந்தரக் கல் வீடு, இடம்பெயராத உடைமை என்ற வேறொரு கருத்தை மலைக்குக் கொண்டுவந்தது.

3. திம்பட்டியிலிருந்து உதகைக்கு

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1812இல் கீஸ் என்ற நில அளவையாளர் மலையேறித் திரும்பினார்; 1818இல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவரும் மேலே சென்று, தட்பவெப்பம் இனிது என்ற செய்தியோடு இறங்கினர். 1819 ஜனவரியில் சிறுமுகைப் பக்கமிருந்து சல்லிவன் தாமே புறப்பட்டுக் கோத்தகிரியை அடுத்த திம்பட்டி வட்டாரத்தை அடைந்தார். அங்கே, கண்ணேரிமுக்கு என்ற படகர் ஊரருகே அவர் அமைத்த பங்களா நெடுங்காலம் சிதைந்து கிடந்து, பின்னர் செப்பனிடப்பட்டு, இன்று சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவண மையத்தின் காட்சிக்கூடமாகவும் இருந்துவருகிறது. மாவட்டத்தில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு என்ற பெயர் அதற்கும், உதகை நகரின் முதல் வீடு என்ற பெயர் கல் பங்களாவுக்கும் உரியவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது செய்தித்தாள்களில் அடிக்கடி நேர்கிறது.

1821இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டும் பொறுப்பு லெப்டினன்ட் மேக்பெர்சனிடம் ஒப்படைக்கப்பட்டு, 1823இல் அவ்வேலை முடிந்தது. அதே ஆண்டுகளில்தான் சல்லிவன் மலையின் மேற்குப் பகுதியில், தோடர் மேய்ச்சல் வெளியும் சோலைக்காடும் கலந்திருந்த உதகைப் பள்ளத்தாக்கைத் தேர்ந்து வீடு கட்டினார். குன்றின் கீழே ஓடைகளை மறித்து ஏரி ஒன்றையும் உருவாக்கினார்; இன்று படகுச் சவாரிக்குப் பெயர்பெற்ற அவ்வேரியின் பழைய பரப்பில் ஒரு பகுதி பின்னாளில் குதிரைப் பந்தயத் திடலாகவும் பேருந்து நிலையமாகவும் ஆகிவிட்டது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பார்லி முதலிய குளிர்நிலப் பயிர்களை அவர் இப்பகுதியில் பயிரிட்டுப் பார்த்தார். சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1826இல் உதகை வந்தபோது சல்லிவனின் விருந்தினராகவே தங்கினார். நோயுற்ற படை அதிகாரிகள் உடல்தேறும் இடமாக உதகையை அரசு ஏற்றதும், தேவாலயமும் கடைவீதியும் மற்ற பங்களாக்களும் அடுத்தடுத்து எழுந்ததும் இந்த ஒரு வீட்டிலிருந்து கிளைத்தவை.

4. கல், காரை, ஓதம்

கட்டடத்தின் அறிவியல் மதிப்பை உணர, அது நிற்கும் மலையின் இயல்பை அறிவது இன்றியமையாதது. நீலகிரி மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருநீலம் கலந்த கடினப் பாறையால் ஆனது. கல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனது என்பதைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். சென்னையை அடுத்த பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறையால் ஆனவை. ஆகவே கட்டுவதற்குரிய கல் நீலகிரியில் காலடியிலேயே கிடந்தது. ஆனால் அதை இணைக்கும் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. சுண்ணாம்புக்கல் பீடபூமியில் இல்லாததால், காரைக்கு வேண்டிய சுண்ணாம்பு சமவெளியிலிருந்து மேலே வர வேண்டியிருந்தது. வண்டி ஏறாத அக்காலத்தில் அதைப் பொதிமாடும் மனிதத் தோளுமே சுமந்தாக வேண்டும். தொடக்ககாலக் கட்டடங்களில் சுவரின் உட்புறத்தில் மண்சாந்தும், மழைபடும் இடங்களில் மட்டும் சுண்ணாம்பும் பயன்படும் வழக்கம் தோன்றியதற்கு இந்தத் தட்டுப்பாடே காரணம். ஒரு பழைய சுவரில் எந்த இடத்தில் எந்தக் காரை உள்ளது என்பது, அக்காலப் பாதையின் நிலையையும் கூலியின் அளவையும் கட்டியவரின் செல்வாக்கையும் ஒருசேரக் காட்டும் ஆவணமாகிறது.

இதே செய்தி பராமரிப்புக்கும் உயிர்நிலையானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகை, தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டாலும் மழை பெறுகிறது. இடையிடையே பனிமூட்டம் சூழ்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவில் உறைபனி விழுகிறது. எனவே பழைய கல் சுவர் ஆண்டின் பெரும்பகுதி ஈரத்தை உள்வாங்கியும் வெளிவிட்டும் கொண்டே இருக்கும். அஸ்திவாரத்திலிருந்து ஈரம் மேலேறுவதைக் கொத்தனார்கள் ஓதம் ஏறுதல் என்பர். சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்புப் பூச்சும் நுண்துளை உடையவை. சுவரின் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகி வெளியேறும். காலப்போக்கில் காரைதான் தேயுமே தவிரக் கல் தேயாது. அவ்விடத்தில் சிமென்டு பூசப்பட்டால், இறுகிய அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஈரம் சிறைப்படுகிறது. சுவர் உள்ளே நனைந்தபடியே இருந்து, உப்புப் பூத்து, மண்சாந்து கரைந்து, பூச்சோடு சேர்ந்து கல்லின் முகமும் பெயர்ந்து விழுகிறது. உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் பொதிந்திருக்கும் இடத்தில் மரம் மக்குவதும் இவ்வாறே நேர்கிறது. ஓதம் தெரிகிறது என்பதற்காகச் சிமென்டு பூசுவதும், பூசியபின் ஓதம் கூடுவதும், கூடியதற்காக மேலும் கனமாகப் பூசுவதும் மலை நகரங்களின் பழைய கட்டடங்கள் பலவற்றில் காணும் தொடர்கதை. அரசுக் கட்டடங்களின் பராமரிப்பு மதிப்பீடுகள் சிமென்டை அடிப்படையாகக் கொண்டே தயாராவதால், நல்ல எண்ணத்தோடு ஒதுக்கப்படும் நிதியே கெடுதல் செய்துவிடக்கூடும்.

5. நிலத்தின் சாட்சியம்

கல் பங்களாவின் வரலாற்று மதிப்பில் மிகக் கனமான பகுதி, அது நிற்கும் நிலத்தைப் பற்றியது. தோடரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் சல்லிவன் நிலம் பெற்றார் என்பது வரலாற்று நூல்கள் பலவும் திரும்பத் திரும்பக் கூறும் செய்தி. வேளாண் முயற்சிகளுக்காக 500 வள்ளம் நிலத்தை அரசு அவருக்கு அனுமதித்தது. வள்ளம் என்பது கோயம்புத்தூர்ப் பகுதி நில அளவு, ஏறத்தாழ 3.82 ஏக்கருக்குச் சமம். ஆகவே மொத்தம் சுமார் 1,910 ஏக்கர். விலை மிகக் குறைவு என்ற நியாயமான வியப்புக்கு அப்பால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. தோடரின் மரபில் புல்வெளி என்பது எருமை மேய்ச்சலும் பால்மனைச் சடங்கும் குலத்தின் உரிமையும் ஒன்றாகப் பிணைந்த ஒன்று. அது எல்லைக்கல் நட்டு ஒருவருக்கு முற்றாக எழுதித் தரப்படும் பொருளாக இருந்ததில்லை. கம்பெனியின் வருவாய் நிர்வாகம் அறிந்ததோ, அளந்து, தீர்வை விதித்து, பட்டா எழுதப்படும் நிலத்தை மட்டுமே. ஒரு ரூபாய் கைமாறியபோது இரு தரப்பும் ஒரே பொருளையா கொடுத்து வாங்கின என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

இங்கே சல்லிவனின் நிலை எளிதில் வகைப்படுத்த முடியாதது. தோடரே நிலத்தின் உரிமையாளர் என்றும், அவர்களுக்கு இழப்பீடு தந்தே நிலம் பெற வேண்டும் என்றும் அவர் அரசிடம் விடாமல் வாதிட்டார். தோடருக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்ற கருத்து ஆளுநர் லஷிங்டன் காலத்தில் வலுப்பெற்று, இறுதியில் அரசின் நிலைப்பாடாகவும் ஆயிற்று. உரிமையாளர் என்று ஏற்பது தோடருக்குக் காப்பு; ஆனால் உரிமையாளரிடமிருந்துதான் நிலத்தை விலைக்கு வாங்க முடியும் என்பதால், அவ்வாதம் பெருநிலம் வாங்கியிருந்த சல்லிவனின் பத்திரங்களுக்கும் காப்பு. அவர் நேர்மையாகவே வாதிட்டிருக்கலாம். தம் நலனும் அதில் அடங்கியிருந்ததை மறுக்கவும் இயலாது. இந்த இரட்டைத்தன்மையைச் சிலை காட்டாது. வீடும் அதன் நில எல்லையும் காட்டும். ஒரு மலைச்சமூகத்தின் பொதுமேய்ச்சல் வெளி தனியுடைமையாக மாறிய முதல் கணத்தின் பருப்பொருள் சான்று என்ற வகையில், தோடரின் உரிமை வரலாற்றை எழுதுவோர்க்கும் கல் பங்களா தவிர்க்க முடியாத ஆவணம். மரபுமதிப்பு தருவது என்பது புகழ்மாலை சூட்டுவது ஆகாது. குற்றத்தின் சான்றும் காக்கப்பட வேண்டிய சான்றே.

6. வீடு, தலைமைச்செயலகம், கல்லூரி

சல்லிவனுடைய வாழ்வில் உதகை தந்தது நலம் மட்டுமன்று. அவருடைய மனைவியும் மகளும் 1838இல் மறைந்து, புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறைத்தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர் 1841இல் இந்தியாவை விட்டு நீங்கி, 1855இல் இங்கிலாந்தில் காலமானார். வீடு அவரோடு முடிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்ந்தபோது, ஸ்டோன்ஹவுஸ் குன்று அரசு அலுவலகங்களின் இருப்பிடமாயிற்று. புதிய கட்டடங்கள் பழைய வீட்டைச் சூழ்ந்து எழுந்தன. கோப்புகளும் எழுத்தர்களும் ஆண்டுதோறும் சென்னையிலிருந்து மலையேறி, ஆண்டின் கணிசமான பகுதியை இங்குக் கழித்து இறங்கிய அந்த ஏற்பாட்டின் செலவையும், ஆள்வோர் மக்களிடமிருந்து விலகி நிற்பதையும் அக்கால இந்தியப் பொதுவாழ்வினர் கண்டித்தனர். சமவெளியின் நிலவரியும் பஞ்ச நிவாரணமும் முடிவான இடங்களுள் இக்குன்றும் ஒன்று என்பதால், தஞ்சாவூர், திருநெல்வேலி உழவரின் வரலாற்றுக்கும் இதனோடு தொடர்பு உண்டு.

விடுதலைக்குப்பின், 1955இல் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டு, குன்றின் கட்டடங்கள் வகுப்பறைகளாயின. தோட்டத் தொழிலாளர், படகர், பழங்குடியினர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் ஆகிய குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய தலைமுறைகளுக்கு அக்குன்று கலெக்டரின் வீடாகத் தெரிந்ததைவிடத் தம் கல்லூரியாகத் தெரிந்தது. பர்ரா சாசனம் சமூக மதிப்பு என்று குறிப்பது இத்தகைய உறவையே. மலைக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் தமக்கென எழுப்பிய சுவர், அம்மலையின் பிள்ளைகள் படிக்கும் இடத்தின் பகுதியாக ஆகியிருப்பது இவ்வீட்டின் வரலாற்றில் சல்லிவன் காலத்துக்குச் சற்றும் குறையாத அத்தியாயம். ஆகவே 1823ஆம் ஆண்டு நிலைக்கு வீட்டை மீட்கிறோம் என்று பிற்காலச் சேர்க்கைகளை இடித்தெறிவது, ஒரு சான்றின் பொருட்டுப் பல சான்றுகளைப் பலியிடுவதாகும்.

சல்லிவன் நட்டதாகக் கூறப்பட்டு அவர் பெயராலேயே வழங்கும் ஓக் மரமும் இவ்வளாகத்தில் உண்டு. நீலகிரியின் புல்வெளியும் சோலையும் அயல்நாட்டு மரங்களுக்கு இடம்கொடுத்த நெடிய மாற்றத்தின் தொடக்கக் குறியாகவும் அம்மரத்தை எண்ணலாம்.

7. தங்கம் தேடிய தாலுகா

ஒரு தொடக்ககால வீடு நிலைப்பதற்கும் அழிவதற்கும் காரணம் என்ன என்பதை, இதே மாவட்டத்தின் மேற்குப் பகுதியோடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம். இன்று கூடலூர், பந்தலூர் தாலுகாக்களாக உள்ள தென்கிழக்கு வயநாட்டுப் பகுதி 1870களில்தான் நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. அங்குள்ள வெண்கல் பாறை இடுக்குகளிலும் ஓடை மணலிலும் தங்கத்துகள் இருப்பதை உள்ளூர் மக்கள் முன்பே அறிந்து அரித்தெடுத்து வந்தனர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறை அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித்தை இந்திய அரசு 1879இல் வரவழைத்து ஆய்வுசெய்யச் சொன்னது. அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டவே, அடுத்த இரண்டு ஆண்டுகளில் லண்டன் பங்குச்சந்தையில் வயநாட்டுத் தங்க நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. தேவாலாவிலும் பந்தலூரிலும் சுரங்கக் குழிகள் தோண்டப்பட்டு, பாறையை இடித்துத் தூளாக்கும் இயந்திரங்கள் இறக்கப்பட்டு, மேலாளர்களுக்குப் பங்களாக்களும் கடைகளும் எழுந்தன. பாறையில் தங்கத்தின் அளவு செலவை ஈடுகட்டாமற்போகவே, அப்பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான நிறுவனங்கள் கலைந்தன.

அவ்வூர்களில் எழுந்தவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று. ஆள் நீங்கிய கட்டடத்தின் கூரை இரண்டொரு மழைக்காலத்தில் விழுந்துவிடும். கூரை போன சுவரில் ஆலும் அத்தியும் வேர்விடும். நிலம் காப்பிக்கும் தேயிலைக்கும் மாறியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்க்கு வேலை தருவதற்காக அரசு வளர்த்த டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் இப்பகுதியில் பரவின. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இன்றும் ஆபத்தோடு வாய் திறந்து கிடக்கின்றன.

உதகையும் தேவாலாவும் ஒரே மாவட்டத்தில், ஒரே பாறைத் தொகுதியின் மேலும் அதன் விளிம்பிலும், ஒரே நூற்றாண்டில் எழுந்த குடியிருப்புகள். ஒன்றில் வீடு நின்றது; மற்றொன்றில் நிற்கவில்லை. கல்லின் தரமோ கட்டியவரின் திறமையோ இதற்குக் காரணமல்ல. கல் பங்களாவுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வேலை இருந்தது. ஓடு நகர்ந்தால் மாற்றிப் போட ஓர் ஆள் இருந்தார். சுரங்க பங்களாவுக்குத் தங்கத்தைத் தவிர வேறு வேலை இல்லை. பயன்பாடே பழைய கட்டடத்தின் முதல் காப்பு என்ற முடிவு இவ்வொப்பீட்டிலிருந்து தானே பிறக்கிறது. அழிந்தவற்றின் தடங்களையும் பதிவு செய்யாவிட்டால், மாவட்டத்தின் வரலாறு வெற்றிபெற்ற முயற்சிகளின் வரலாறாக மட்டும் சுருங்கிவிடும் என்பது இதன் மறுபக்கம்.

8. சட்டமும் நடைமுறையும்

இந்தியாவில் நினைவுச்சின்னங்களைக் காக்கும் மையச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. நூறாண்டுக்குக் குறையாத தொன்மை உடையவற்றை அச்சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்டு, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்படுகிறது. மக்கள் பயன்பாடு நின்றுபோன கோட்டைக்கும் பழங்கோயிலுக்கும் பொருந்தும் இந்த ஏற்பாட்டை, ஆயிரக்கணக்கான மாணவர் வந்துபோகும் ஒரு கல்லூரி வளாகத்தின் மேல் விரிப்பது, கட்டடத்தின் உயிர்நாடியான பயன்பாட்டையே முடக்கக்கூடும். வேறொரு பக்கம், மலைப்பகுதிகளுக்கான கட்டட விதிகள் கட்டடத்தின் உயரத்தை ஏழு மீட்டராகக் கட்டுப்படுத்துகின்றன. இது குன்றின் தோற்றத்தைக் காக்குமே அன்றிப் பழைய வீட்டைக் காக்காது. ஒரு பழைய பங்களாவை முற்றாக இடித்து, அதே உயரத்தில் கான்கிரீட் விடுதி கட்டுவதற்கு உயர வரம்பு ஒரு தடையாவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, பயன்பாட்டிலுள்ள மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டு, மாற்றங்களுக்கு முன் நிபுணர் குழுவின் ஒப்புதலைக் கோருவது. இதற்கென 2012இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. நீலகிரிக்கு இச்சட்டம் குறிப்பாக வேண்டியது. ஏனெனில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலை இரயிலைத் தவிர, மாவட்டத்தின் கட்டட மரபு பெரும்பாலும் பள்ளி, கல்லூரி, நீதிமன்றம், காவல் நிலையம், தோட்ட பங்களா என நாள்தோறும் பயன்படும் இடங்களில்தான் உள்ளது. பட்டியல் தயாரிக்கும்போது பங்களாக்களோடு நின்றுவிடாமல், நடுவட்டத்தின் பழைய சிறைக்கட்டடம், தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள், தோடர் பால்மனைகள், தேவாலாவின் சுரங்கத் தடங்கள் ஆகியவையும் இடம்பெற வேண்டும். துரையின் பங்களா காக்கப்பட்டு, அதற்குச் சுண்ணாம்பு சுமந்தவர்களும் பின்னாளில் கொழுந்து பறித்தவர்களும் வாழ்ந்த இடம் மறைந்துபோனால், எஞ்சும் சான்று பாதிச் சான்றே.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, கல் பங்களாவைப் பொறுத்துச் செய்ய வேண்டுவன நான்கு எனத் தொகுக்கலாம். முதலாவது அளந்து பதிவுசெய்தல்: ஒவ்வொரு சுவரும் எந்தக் கல்லால், எந்தக் காரையால், எந்தக் காலத்தில் எழுந்தது என்பதைப் பிரித்துக்காட்டும் வரைபடம் தயாரான பின்னரே பழுதுபார்க்கும் பணிக்கு மதிப்பீடு எழுதப்பட வேண்டும். இரண்டாவது, சிமென்டை விலக்கிச் சுண்ணாம்புக்குத் திரும்புதல். பொதுப்பணித் துறையின் வேலைப்பட்டியலில் சுண்ணாம்பு வேலைக்கு உரிய விலைவிகிதம் இடம்பெறுவதும், அதை அறிந்த கொத்தனார்கள் மாவட்டத்திலேயே பயிற்சி பெறுவதும் இதற்கு முன்தேவை. மூன்றாவது, வீட்டைத் தனித்துக் காணாமல் குன்று, மரம், சரிவு, பழைய நில எல்லை ஆகியவற்றோடு ஒரே அலகாகப் பட்டியலிடுதல். கல்லூரியின் வளர்ச்சிக்கு வேண்டிய புதுக் கட்டடங்களுக்குக் குன்றின் எப்பகுதி ஏற்றது என்பதையும் அப்பட்டியலே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நான்காவது, வீட்டின் வரலாற்றைக் கூறும் பொறுப்பில் தோடரும் படகரும் பிற மலைக்குடிகளும் பங்கேற்றல். நிலம் எவ்வாறு கைமாறியது என்பதை வருவாய்த்துறை ஆவணங்களின் மொழியில் மட்டும் எழுதிவைப்பது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவதற்கு நிகர்.

இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. வளாகத்திலேயே வரலாறும் பிற துறைகளும் பயிலும் மாணவர் உள்ளனர். அளவையும் ஆவணத் தேடலும் வாய்மொழி வரலாற்றுச் சேகரிப்பும் அவர்களுடைய பாடத்தின் பகுதியாகவே நடைபெறலாம். அவ்வாறு நடந்தால், சல்லிவனைப் போற்றுவோரும் அவரைக் குறை கூறுவோரும் தத்தம் வாதத்துக்கு நாடிவர வேண்டிய மூல ஆவணமாகக் கல் பங்களா அமையும். ஒரு தொடக்ககால வீட்டின் மரபுமதிப்பு, அதைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் தீர்ந்துபோவதில் இல்லை; அவற்றைச் சான்றோடு வாதிடுவதற்கு அவ்வீடு தொடர்ந்து இடம் தருவதில் இருக்கிறது.